கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்போம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. எங்க குழுவில் ஊக்குநராக இருக்கிறதால கணக்கு நோட்டு எழுதுவேன், பேங்குக்குப் போவேன், அவ்வளவுதான். சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் வீடு பற்றிப் பேசுறேன்னு கேட்டு வாங்கினேன். ஏன்னா நம்ம பக்கத்துல சேமிப்பு பாஸ்புக்கை மழை நனையாம வைக்கக்கூட ஒரு இடம் இல்லாதவங்க இன்னமும் இருக்காங்க.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன். எங்க குழுவிலேயே வயசுல மூத்தவங்க ஒருத்தர் இருக்காங்க. எல்லாரும் சின்னாச்சின்னு கூப்பிடுவோம். வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாச்சு, தனியாகத்தான் இருக்காங்க. குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வாரம்கூட சேமிப்பு கட்டாம விட்டதில்லை. ஒரு ஐப்பசி மாசக் கூட்டத்துல அவங்க பாஸ்புக்கை நீட்டினாங்க. வாங்கிப் பிரிக்கிறேன், பிரிய மாட்டேங்குது. நனைஞ்சு உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயிருக்கு. மையெல்லாம் கலைஞ்சு ஒரு எண்ணும் தெரியலை. "கூரைச் சந்துல பிளாஸ்டிக் பையில சுத்திதான் வச்சிருந்தேன் ஆயி, அங்கயும் ஒழுகிடுச்சு"ன்னு சொன்னாங்க. என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி குனிஞ்சுகிட்டாங்க. நான் குழு நோட்டைப் பார்த்து அவங்களுக்குப் புது பாஸ்புக் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது மனசு கேட்கலை.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சது நம்ம யாருக்கும் மறக்காது. 15-ம் தேதி ராத்திரி பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தோம். விடிஞ்சு வந்து பார்த்தா எங்க தெருவுல கீற்று வீடு ஒண்ணுக்கும் கூரை இல்லை. தென்னை மரமெல்லாம் படுத்துக் கிடக்கு. நிவாரணத்துல தார்ப்பாய் கொடுத்தாங்க. கொஞ்சம் வசதி இருந்தவங்க சிமெண்ட் ஷீட் போட்டுக்கிட்டாங்க. சின்னாச்சி வீட்டு மேல அந்தத் தார்ப்பாய்தான். அது கிழிஞ்சு, மேல இன்னொண்ணு போட்டு, அதுவும் கிழிஞ்சு, ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

"ஏன் சின்னாச்சி, வீட்டுக்கு எழுதிக் கொடுக்கலையா?"ன்னு கேட்டேன். "எழுதிக் கொடுத்தேன் ஆயி, லிஸ்ட்ல பேரு இல்லையாம்"னு சொன்னாங்க. லிஸ்ட் யார் போடுறாங்கன்னு கேட்டேன். அது அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

எனக்குத் தெரிஞ்சது நம்ம கூட்டமைப்பு நடத்தின பயிற்சியிலதான். கிராம வறுமைக் குறைப்புத் திட்டம்னு ஒவ்வொரு குழுவும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கிறோமே, அந்தப் பயிற்சி. யாருக்கு உதவித்தொகை வேணும், யாருக்கு வேலை அட்டை இல்லை, யாருக்கு வீடு இல்லைன்னு நாமதான் எழுதுறோம். அதைக் கூட்டமைப்பு தொகுத்துக் கிராம சபையில வைக்கணும். அது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல சேரணும். அன்னிக்குப் பயிற்சி கொடுத்த சமுதாய வளப் பயிற்றுநர் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க: "கிராம சபைக்கு உறுப்பினர் யாரு?" நாங்க எல்லாரும் "தலைவர், வார்டு மெம்பர்"னு சொன்னோம். அவங்க சிரிச்சுகிட்டு, "நீங்கதான். ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் உறுப்பினர்"னு சொன்னாங்க. பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில படிச்சு ஒப்புதல் வாங்கணும்கிறதும் அன்னிக்குத்தான் காதுல விழுந்தது.

அதைக் கேட்டதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும். நூறு நாள் வேலையில வாய்க்கால் வெட்டிக்கிட்டு இருப்போம். ஒருத்தர் பெரிய நோட்டைக் கொண்டுவருவார். "கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னு சொல்வார். மண் கையைப் புடவையில துடைச்சுட்டு வரிசையாகப் போட்டுட்டு மண்வெட்டியை எடுப்போம். வேலைக்கு வந்ததுக்குத்தான் கையெழுத்துன்னு நினைச்சுக்குவோம். அது கிராம சபை வருகை நோட்டு. எங்க ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வரணும்னு கணக்கு. மக்கள் தொகை 501-லிருந்து 3,000 வரைக்கும் இருந்தால் 100 பேர். 3,000-க்கு மேல போனால் 200, 10,000-க்கு மேல என்றால் 300. அந்தக் கணக்கை நாமதான் வாய்க்கால்ல நின்னபடியே நிரப்பிக் கொடுத்திருக்கோம். என் கையெழுத்தும் அதுல இருக்கு. ஒழுகுற வீட்டுக்காரி சின்னாச்சியோட கைநாட்டும் இருக்கு. தன் பேர் இல்லாத பட்டியலுக்குத் தானே சம்மதம்னு வச்ச கைநாட்டு அது.

2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, மொத்தம் 8 லட்சம் வீடு, முதல் வருஷம் 1 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய்னு அறிவிச்சாங்க. நான் கணக்கு எழுதுறவ, அதனால கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி. பெரிய பணம்தான். ஆனா அப்போ தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சி இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு ஊராட்சிக்குச் சராசரியா எட்டு வீடு. எட்டே எட்டு. அதுல தகுதி இல்லாத ஒரு பேர் நுழைஞ்சா, தார்ப்பாய்க்குக் கீழ இருக்கிற ஒரு குடும்பம் இன்னொரு மழைக்காலம் அங்கேயே கிடக்கும். இதைத்தான் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மூணு வாரம் இருந்தது. எங்க ஊராட்சியில 14 குழு. குழுவுக்கு ரெண்டு பேர்னு உட்கார்ந்து பேசினோம். வாக்காளர் பட்டியல் ஒரு பிரதி வாங்கித் தெருத்தெருவாகப் பிரிச்சுக்கிட்டோம். ஒவ்வொரு உறுப்பினரும் தான் வரணும், கூட வீட்டிலிருந்து ஓட்டு உள்ள ஒரு ஆளையும் கூட்டிட்டு வரணும்னு தீர்மானம் போட்டோம்.

போன இடத்தில் கேட்ட பதிலைச் சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். "எனக்குத்தான் வீடு இருக்கே, நான் எதுக்கு?"ன்னு ஒருத்தர். "போனா தலைவர் முகத்துல எப்படி முழிக்கிறது?"ன்னு ஒருத்தர். "கொடியேத்தி மிட்டாய் கொடுப்பாங்களே, அதுதானே?"ன்னு ஒரு அம்மா. ஒரு அண்ணன், "பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கட்சி ஆரம்பிக்கிறீங்களா?"ன்னு கேட்டார். நான் சொன்னேன், "கட்சி உங்களுக்கு எதுவா இருந்தாலும் இருக்கட்டும்ணே. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடப் போறோம்ல. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை வருது. இங்க கையைத் தூக்கினா அதுவும் ஓட்டுதான்." அந்த அண்ணன் ரெண்டு ஆளோட வந்தார்.

வீடு இருக்கிறவங்ககிட்ட வேற மாதிரி பேசினோம். நமக்கு வந்த திட்டப் பணம் சரியான ஆளுக்குப் போய், சரியா கட்டி முடிச்சாத்தான் அடுத்த வருஷமும் நம்ம ஊருக்கு வீடு கேட்க முகம் இருக்கும். பாதியில நிக்கிற வீடும் ஆள் மாறிப் போன வீடும் இருந்தால் எப்படிக் கேட்கிறது? இது அவங்களுக்குப் புரிஞ்சது.

இனிமே சொல்லப்போறதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் வீட்டு விஷயம். ஆனா அதைச் சொல்லாம விட்டா நான் பேசுறதுக்கு அர்த்தம் இல்லை.

கிராம சபைக்கு நாலு நாள் இருக்கும்போது ஊராட்சி அலுவலகத்துல போய்ப் பட்டியலைக் கேட்டோம். முதல்ல இல்லைன்னாங்க, அப்புறம் காட்டினாங்க. 11 பேர். ஆறாவது பேர் என் கொழுந்தனார். அவருக்குக் காங்கிரீட் வீடு இருக்கு. நான் கல்யாணமாகி வந்தப்புறம்தான் கட்டினாங்க, நானே சித்தாள் மாதிரி செங்கல் தூக்கியிருக்கேன். வீட்டுக்குப் பின்னாடி பழைய கீற்றுக் கொட்டகை ஒண்ணு இருக்கு, மாடு கட்டுறாங்க. அதைக் குடிசைன்னு போட்டோ எடுத்துப் பேரைச் சேர்த்திருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. மாமியார்தான், "ஊர் வீட்டுக்கு நியாயம் பேசி உன் வீட்டுல மண்ணள்ளிப் போடாதே"ன்னாங்க. காலையில கொழுந்தனாரே வந்தார். "அண்ணி, எல்லா ஊர்லயும் நடக்கிறதுதானே, நான் எடுக்கலைன்னா வேற எவனோ எடுப்பான்"னார். நான், "தம்பி, நீங்களே போய் எழுதிக் கொடுத்துடுங்க, யாருக்கும் தெரியாம முடிஞ்சுடும்"னு கெஞ்சிப் பார்த்தேன். கோபமாகக் கிளம்பிப் போயிட்டார். சேதி தெரிஞ்சு எங்க குழுவுலகூட ரெண்டு பேர் சொன்னாங்க, "மத்த ரெண்டு தப்பான பேரை மட்டும் சொல்லுவோம், உன் கொழுந்தன் பேரை விட்டுடுவோம்"னு. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்தது. பொய் சொல்லலை. ஆனா அப்படி விட்டா மத்த ரெண்டு பேர் வீட்டு ஆளுங்க என்னைப் பார்த்துக் கேட்பாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றது?

ஆகஸ்ட் 15. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில கூட்டம். எப்பவும் முப்பது பேர் உட்காருவாங்க. அன்னிக்கு எங்க கணக்குக்கு 164 பேர், அதுல நூறுக்கு மேல பொம்பளைங்க. நாற்காலி பத்தலை, தரையில உட்கார்ந்தோம். ஒன்றியத்துல இருந்து வந்த பற்றாளர், "இவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை"ன்னு சொன்னார். வரவு செலவு படிச்சாங்க. குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் முடிஞ்சு, "வீடு பயனாளிகள் பட்டியல் அங்கீகரிக்கப்படுகிறது"ன்னு ஒரே வரியில முடிக்கப் பார்த்தாங்க. எங்க தலைவி அக்கா எழுந்து, "பேரை ஒவ்வொண்ணா படிங்க, நாங்க கேட்கணும்"னு சொன்னாங்க. படிச்சாங்க. ஆறாவது பேர் வந்தது.

கால் நடுங்குச்சு. எழுந்து, "ஐயா, இவருக்குக் காங்கிரீட் வீடு இருக்கு. அது மாட்டுக் கொட்டகை. இவர் எனக்குக் கொழுந்தனார். வேணும்னா இப்பவே வந்து பாருங்க"ன்னு சொன்னேன். கூட்டம் அமைதியாயிடுச்சு. நான் உட்காரலை, உட்கார முடியலை. அப்புறம் பின்னாடி இருந்து ஒரு அம்மா எழுந்து, "எட்டாவது பேரும் அப்படித்தான்"னு சொன்னாங்க. அது அவங்க சொந்த அண்ணன் மகன். இன்னொரு பேரை ஒரு ஆம்பளையே எழுந்து சொன்னார். மூணு பேரையும் நேர்ல பார்த்து விசாரிக்கிறதுன்னும், அந்த இடத்துக்கு வேற தகுதியான பேரைச் சேர்க்கிறதுன்னும் தீர்மானப் புத்தகத்துல எழுத வச்சோம். எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். அன்னிக்குப் போட்டதுதான் என் முதல் கையெழுத்துன்னு நினைச்சுக்கிறேன்.

ரெண்டு வாரத்துல ஒன்றிய மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். மூணு பேரும் எடுக்கப்பட்டாங்க. குழுக்கள் படிவத்துல எழுதிக் கொடுத்ததிலிருந்து மூணு குடும்பம் சேர்ந்தது. அந்த 11 வீட்டுக்கும் வேலை உத்தரவு வந்தது.

சின்னாச்சிக்கு வீடு கிடைச்சதான்னு கேட்பீங்க. கிடைக்கலை. அவங்க குடிசை இருக்கிறது கோயில் மனை. நம்ம பக்கத்துல எத்தனை பேர் அப்படி இருக்கோம், உங்களுக்கே தெரியும். தாத்தா காலத்துலேர்ந்து குடியிருப்போம், அடிமனை வாடகை கட்டுவோம், பட்டா இருக்காது. பட்டா இல்லாத இடத்துல அரசு வீடு கட்டித் தராது. எங்க ஊர்ல இப்படி நாலு குடும்பம். இது தெரிஞ்ச அன்னிக்கு நான் வீட்டுல வந்து அழுதேன். யாருக்காக இதெல்லாம் ஆரம்பிச்சோமோ அவங்களுக்கே ஒண்ணும் நடக்கலையேன்னு. கொழுந்தனார் பகை மட்டும் மிச்சம். அவர் மகளுக்குக் காது குத்தினாங்க, எனக்கு அழைப்பு இல்லை. ஓரகத்தி குழாயடியில என்னைப் பார்த்தா குடத்தை எடுத்துக்கிட்டு நகர்ந்துடுவாங்க.

சின்னாச்சிதான் என்னைத் தேத்தினாங்க. "எனக்கு இல்லைன்னா என்ன ஆயி, பதினோரு வீட்டுல அடுப்பு நனையாம எரியுதுல்ல"ன்னாங்க. அதுக்கப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில அந்த நாலு குடும்பத்துக்கும் வேற இடத்துல இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தனித் தீர்மானம் போட்டோம். தீர்மான நகலை மனுவோட சேர்த்து வட்டாட்சியர் அலுவலகத்துல கொடுத்தோம். மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துலயும் கொடுத்தோம். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கிக் கூட்டமைப்பு பீரோவுல வச்சிருக்கோம். போன மாசம் நில அளவையர் வந்து ஊர்க் கோடியில ஒரு இடத்தை அளந்துட்டுப் போயிருக்கார். பட்டா இன்னும் கைக்கு வரலை. சின்னாச்சி இங்கதான் மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அதனால இது முடிஞ்ச கதைன்னு நான் சொல்ல மாட்டேன்.

வீடு கிடைச்சவங்களுக்கும் ஒரு வார்த்தை. கனவு இல்லம் 360 சதுர அடி. பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவுன்னு வேலை ஏற ஏற, போட்டோ எடுத்த பிறகு உங்க பேங்க் கணக்குல வரும். சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்துல வாங்கினா அதுக்கான தொகையைக் கழிச்சுக்குவாங்க. முதல் தவணை வர்றதுக்குள்ள அஸ்திவாரத்துக்குக் கைப்பணம் வேணும். அங்கதான் நம்ம பெண்கள் வாரத் தவணைக் கம்பெனியில போய் மாட்டிக்கிறாங்க. எங்க ஊர்ல நாங்க குழுவின் உள்கடன்ல முதல்ல வீடு கட்டுறவங்களுக்குன்னு முடிவு பண்ணினோம். தவணை வந்ததும் திருப்பிக் கட்டினாங்க. ஒருத்தர்கூட பாக்கி வைக்கலை. 2024-ல் சொந்த வீடு கட்டுறதுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்துல 90 நாள் கூலியும் இருந்தது, கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் உண்டு. கேட்காம விட்டுடாதீங்க. இந்தத் தொகையில 360 அடிதான் கட்டலாம். ஊருக்குக் காட்டணும்னு மாடிப்படியும் போர்ட்டிகோவும் இழுத்தா வீடு லிண்டல்லயே நின்னுடும்.

பிரதமர் வீடு திட்டத்துலயும் இதே மாதிரிதான். வீட்டுக்கு 1,20,000, அதுல மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. காங்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகக் கூடுதல் தொகை கொடுக்குது. அந்தப் பட்டியலும் கிராம சபைக்கு வந்துதான் போகணும்.

கடைசியா, உங்க ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கிராம சபை நாள் ஆறையும் குழு நோட்டின் முதல் பக்கத்துல எழுதி வச்சுக்குங்க: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்கு முந்தின வாரக் கூட்டத்துல வீடு இல்லாதவங்க பேரைப் பேசுங்க. பட்டா இருக்கா, எந்த நிலம், யார் பேர்ல இருக்குன்னு அப்பவே பாருங்க. நாங்க அதைப் பார்க்காம விட்டோம், அதான் சின்னாச்சி விஷயத்துல ஏமாந்தோம். பட்டியலை நாலு நாள் முன்னாடியே கேளுங்க. தனியாகப் போகாதீங்க, நாலு பேராகப் போங்க. கூட்டத்துல பேரை ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லுங்க. தீர்மானம் எழுதினதைப் படிக்கக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. வேலை இடத்துக்கு நோட்டு வந்தா, "இது எதுக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எங்க ஊர்ல நோட்டு வாய்க்காலுக்கு வர்றதை நிறுத்திடுச்சு.

உங்க சொந்தக்காரங்க பேர் தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. அதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. முதல்ல வீட்டுக்குள்ள சொல்லிப் பாருங்க. கேட்டா நல்லது. கேட்கலைன்னா, மழை பெய்யுற ராத்திரி ஒண்ணை நினைச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நான் அப்படித்தான் பண்ணினேன். எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ஒண்ணும் பேசலைன்னு சொன்னேன்ல, அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில நின்னார். கையைத் தூக்கச் சொன்னப்போ தூக்கினார். எனக்கு அது போதும்.

அடுத்த கிராம சபைக்கு எல்லா ஊர்லயும் நம்ம பெண்கள் நூறு பேராவது உட்காரணும். சின்னாச்சி பட்டா வாங்குற அன்னிக்கு உங்க எல்லாருக்கும் சேதி சொல்லி அனுப்புறேன்.